மென்பொருளுக்குக் காது இல்லை

ஒரே மேசையில் இரண்டு மடிக்கணினிகளை அருகருகே வையுங்கள். இரண்டிலும் ஒரே வைஃபை ஸ்கேனர் மென்பொருளை, ஒரே பதிப்பை, ஒரே நேரத்தில் ஓடவிடுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் ஒன்றில் முப்பது பெயர்கள் வரலாம். பக்கத்தில் இருப்பதில் பதினைந்தோடு நின்றுவிடலாம். எதிர்வீட்டு ரவுட்டரின் சிக்னல் ஒன்றில் 80 சதவீதம், மற்றதில் 55. ஒன்று 13-ஆம் சானலில் ஒரு நெட்வொர்க்கைக் காட்டும்; மற்றதுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மென்பொருள் ஒன்று, அறை ஒன்று, காற்றும் ஒன்று. வேறுபடுவது கணினிக்குள் இருக்கும் வைஃபை அட்டை மட்டும்தான்.

இன்றைய மடிக்கணினிகளில் அந்த அட்டை பெரும்பாலும் 22-க்கு 30 மில்லிமீட்டர். ஸ்கேனர் மென்பொருள் தானாக எதையும் கேட்பதில்லை. ‘சுற்றுப்புறத்தில் யார் யார் இருக்கிறார்கள்?’ என்று அட்டையிடம் விசாரிக்கும். வந்த பதிலை வரைபடமாகவும் வண்ணக் கோடுகளாகவும் திரையில் அடுக்கும். ஆகவே ஓர் அட்டை ஒரு ஸ்கேனருக்கு ஒத்துவருமா என்ற கேள்வியின் உண்மையான பொருள் இதுதான்: காற்றில் கேட்டதில் எவ்வளவை அந்த அட்டை வெளியே சொல்லும்?

காற்றில் என்னதான் இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். ஒவ்வொரு வைஃபை ரவுட்டரும், யாரும் இணையாவிட்டாலும், யாரும் கேட்காவிட்டாலும், ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று ஒரு சிறு செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. இதற்குப் பீக்கன் என்று பெயர். வழக்கமான இடைவெளி 102.4 மில்லிநொடி. அதாவது நொடிக்கு ஏறத்தாழ பத்து. ஒரு நாளைக்கு 8,43,750. உங்கள் வீட்டு ரவுட்டர் நேற்று முழுவதும் அதைத்தான் செய்தது. இன்றும் செய்துகொண்டிருக்கிறது.

ஒரு பீக்கனுக்குள் இருக்கும் தகவல்களைப் பிரித்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். நெட்வொர்க்கின் பெயர், ரவுட்டரின் 48 பிட் முகவரி, சானல் எண், பூட்டுமுறை, தாங்கக்கூடிய வேகங்கள், எந்த நாட்டு விதிப்படி இயங்குகிறது என்பது எல்லாம் அதில் உண்டு. கூடவே 64 பிட் கடிகாரம் ஒன்று. அது மைக்ரோநொடிக் கணக்கில் ஓடும். ஒருமுறை சுற்றி மீண்டும் சுழியத்துக்கு வர 5,84,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பெரும்பாலான ரவுட்டர்களில் மின்சாரம் வந்த கணத்தில் இந்தக் கடிகாரம் சுழியத்திலிருந்து தொடங்குகிறது. எனவே சில ஸ்கேனர்கள், கடவுச்சொல் எதுவும் தெரியாமலே, பக்கத்து வீட்டு ரவுட்டர் எத்தனை நாளாக நிறுத்தப்படாமல் ஓடுகிறது என்று சொல்லிவிடுகின்றன.

பெயருக்கு ஒதுக்கியிருக்கும் இடம் 32 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் ஒவ்வோர் எழுத்துக் குறிக்கும் மூன்று பைட் வேண்டும். மெய்யின் புள்ளியும் கொம்பும் சுழியும்கூடத் தனித்தனியாகக் கணக்கில் சேரும். ‘எங்கள் வீடு’ என்று பெயர் வைத்தால் இடைவெளியையும் சேர்த்து 31 பைட். ஒரே ஒரு பைட் மிச்சத்தில் உள்ளே போய்விடும். ‘முருகன் இல்லம்’ 40 பைட், அதற்கு இடமில்லை. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அட்டை அந்த 31 பைட்டையும் பிசகாமல் கொடுத்தாலும், ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து என்று கணக்குப் போடும் பழைய ஸ்கேனர்கள் ‘எங்கள் வீடு’ இருக்க வேண்டிய இடத்தில் புரியாத குறிகளை வரிசையாகக் கொட்டும்.

இந்தப் பீக்கன்களைப் பிடிப்பது எப்படி? சாதாரண அட்டை ஒன்று ஒரு நேரத்தில் ஒரு சானலை மட்டுமே கேட்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 13 சானல்கள், 5 கிகாஹெர்ட்ஸில் இன்னும் இருபத்துச் சொச்சம். பீக்கன் வரும்வரை ஒவ்வொரு சானலிலும் பத்தில் ஒரு நொடியாவது காத்திருக்க வேண்டும். எல்லாம் கூட்டினால் நான்கு நொடியை நெருங்கிவிடும். விண்டோஸ் முத்திரை பெற விரும்பும் அட்டைகளுக்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் கெடுவும் அதே நான்கு நொடிதான். அதற்குள் ஒரு ஸ்கேன் முடிந்தாக வேண்டும்.

காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் கூப்பிட்டுப் பார்க்கலாம். ‘யாராவது இருக்கிறீர்களா?’ என்று அட்டை ஒரு விசாரிப்புச் செய்தியை அனுப்பும். அந்தச் சானலில் உள்ள ரவுட்டர்கள் உடனே பதில் சொல்லும். இந்த வழியில் ஒரு சானலுக்குச் சில பத்து மில்லிநொடிகள் போதும். ஆனால் எல்லா இடத்திலும் குரல் கொடுக்க அனுமதி இல்லை. 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் நடுப்பகுதியில் வானிலை ரேடார்கள் இயங்குகின்றன. அங்கே ஒரு ரவுட்டர் பேசத் தொடங்குமுன் குறைந்தது ஒரு நிமிடம் ரேடார் சிக்னல் இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது பல நாடுகளின் விதி. ரவுட்டருக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால் மடிக்கணினிக்கு? அங்கே அது வாயைத் திறக்காமல் பீக்கனுக்காகக் காத்திருக்கும். அவசரமாக ஸ்கேனை முடிக்கும் அட்டைகளில் இந்தச் சானல்களின் நெட்வொர்க்குகள் சில நேரம் தோன்றி, சில நேரம் மறைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் அடுத்தது. நீங்கள் 6-ஆம் சானலில் ஒரு வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்; பின்னணியில் ஸ்கேனர் ஓடுகிறது. அட்டை 11-ஆம் சானலுக்குத் தாவிவிட்டால், அந்த நேரத்தில் 6-இல் உங்களுக்கு வரும் தரவு வீணாகிவிடாதா? ஆகாது. தாவுவதற்கு முன் அட்டை தன் ரவுட்டருக்கு உள்ளடக்கமே இல்லாத ஒரு செய்தியை அனுப்புகிறது. அதன் தலைப்பில் ஒரே ஒரு பிட் மாறியிருக்கும். ‘மின்சாரத்தை மிச்சப்படுத்த நான் தூங்கப் போகிறேன்’ என்பது அதன் பொருள். ரவுட்டர் அதை நம்பி, உங்களுக்கு வருவதையெல்லாம் தன் நினைவகத்தில் சேர்த்து வைக்கிறது. அட்டை தூங்கவில்லை, மற்றச் சானலுக்குப் போய், கேட்டு, திரும்பி வந்து, ‘விழித்துவிட்டேன்’ என்கிறது. சேர்த்து வைத்தது மொத்தமாக வந்து சேருகிறது. பேட்டரிக்காக வகுத்த ஒரு விதியை ஸ்கேன் செய்வதற்காக இப்படி வளைத்தவர்களின் சாமர்த்தியத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஸ்கேனர் திறந்திருக்கும்போது அழைப்பில் சில நொடிகளுக்கு ஒருமுறை குரல் தடுக்குகிறது என்றால், உங்கள் அட்டை இந்தப் பொய்த்தூக்கத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி கேட்டதைச் சொல்லும் கட்டம். அட்டையின் சிப்புக்குள்ளேயே ஒரு சிறிய கணினி இருக்கிறது. அதில் ஓடும் நிரலை நிலைபொருள் என்பார்கள். அதற்கு மேலே கணினியில் டிரைவர், அதற்கும் மேலே இயங்குதளம், எல்லாவற்றுக்கும் மேலே ஸ்கேனர். டிரைவரின் வேலை அந்தக் காலத்துத் துபாஷியின் வேலை: இரு தரப்பு மொழியும் தெரிந்தவர் அவர் ஒருவரே, அவர் சொல்லாமல் விட்டது மேலே இருப்பவருக்குத் தெரியவே தெரியாது.

ஸ்கேனர் மென்பொருள்களின் வரலாறே இந்த உறவின் வரலாறுதான். 2001-இல் மேரியஸ் மில்னர் எழுதிய நெட்ஸ்டம்ப்ளர் விண்டோஸில் பெரும்புகழ் பெற்றது. மடிக்கணினியைக் காரில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக வைஃபை கணக்கெடுத்தவர்கள் கையில் இருந்தது அதுதான். ஆனால் அது எல்லா அட்டைகளோடும் ஒரே மாதிரி பேசவில்லை. ஹெர்மீஸ் என்ற சிப் உள்ள அட்டைகளோடு நேரடியாகப் பேசியது. லூசென்ட் நிறுவனத்தின் ஓரினோகோ கோல்டு அட்டையை ஆர்வலர்கள் தேடித்தேடி வாங்கியதற்குக் காரணம் இந்தச் சிப்தான். 1999-இல் ஆப்பிள் வெளியிட்ட முதல் ஏர்போர்ட் அட்டைக்குள் இருந்ததும் லூசென்ட் சரக்குதான். ஹெர்மீஸிடம் நேரில் கேட்டால் சிக்னல் அளவோடு பின்னணி இரைச்சலின் அளவும் கிடைக்கும். மற்ற அட்டைகளை விண்டோஸின் பொதுவாசல் வழியாக அணுக வேண்டும்; அந்த வாசலில் இரைச்சலைக் கேட்கும் கேள்வியே கிடையாது. பிறகு விண்டோஸ் விஸ்டா வந்து வாசலையே மாற்றி வைத்தது. நெட்ஸ்டம்ப்ளர் அதற்குப்பின் எழுந்திருக்கவில்லை.

நெட்ஸ்டம்ப்ளர் கூப்பிட்டுப் பார்க்கும் ரகம். அதே காலத்தில் லினக்ஸ் உலகில் மைக் கெர்ஷா எழுதிய கிஸ்மெட் நேர் எதிர்: வாயே திறக்காது, கேட்டுக்கொண்டே இருக்கும். பெயரை மறைத்து வைத்த நெட்வொர்க்குகள் பொது விசாரிப்புக்குப் பதில் சொல்வதில்லை. அதனால் நெட்ஸ்டம்ப்ளருக்கு அவை தெரியாது. ஆனால் அவையும் பீக்கன் அனுப்புகின்றன, பெயர் இருக்க வேண்டிய இடத்தை மட்டும் வெறுமையாக விட்டு. கிஸ்மெட் அந்தப் பீக்கனைக் குறித்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருக்கும். உரிமையாளரின் கைபேசி எப்போதாவது அதில் இணையும்போது, பெயரைத் தானே சொல்லித்தான் இணைய வேண்டும். அப்போது பெயர் வெளியே வந்துவிடும்.

இப்படிச் சும்மா கேட்க ஒரு தனி ஏற்பாடு தேவை. வைஃபை வானொலி அலை. உங்கள் அட்டையின் ஆன்டெனாவில் அண்டை வீட்டாரின் சிக்னலும்தான் வந்து விழுகிறது. சாதாரண நிலையில் நிலைபொருள் ஒவ்வொன்றின் முகவரியையும் பார்த்து, உங்களுக்கு உரியதல்ல என்றால் அங்கேயே எறிந்துவிடும். இல்லாவிட்டால் கணினி ஓயாமல் குப்பை பொறுக்கிக்கொண்டிருக்கும், பேட்டரியும் தீர்ந்துவிடும். இந்த வடிகட்டலை நிறுத்திவிட்டு, வந்ததையெல்லாம் அப்படியே மேலே அனுப்பும் நிலைக்குக் கண்காணிப்பு நிலை என்று பெயர். அப்போது அட்டை ஒவ்வொரு செய்தியோடும் ஒரு குறிப்புச் சீட்டையும் ஒட்டிக் கொடுக்கும்: எந்தச் சானலில், எந்த வேகத்தில், எவ்வளவு வலிமையில் வந்தது என்று. செய்திகளின் உள்ளடக்கம் பூட்டியே இருக்கும். வெளி உறை மட்டும் தெரியும். ஆழமான ஸ்கேனர்களுக்குத் தேவை இந்த நிலைதான். அட்டை வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதுதான்.

எல்லா அட்டைகளும் இதற்கு உடன்படுவதில்லை. காரணம் வடிவமைப்பிலேயே இருக்கிறது. சில சிப்புகளில் பீக்கனைப் படிப்பது, இணைவது, சானல் மாறுவது எல்லாவற்றையும் நிலைபொருளே முடித்துவிட்டு, முடிவை மட்டும் வெளியே தரும். கைபேசிகளில் இந்த வகைதான் அதிகம். முதன்மைச் செயலி தூங்கினாலும் வைஃபை விழித்திருக்க இது வசதி. வேறு சில சிப்புகள் நேரம் பிசகக் கூடாத வேலைகளை மட்டும் தம்மிடம் வைத்துக்கொண்டு, மற்றதைக் கணினியிடம் விட்டுவிடும். இரண்டாம் வகைக்காக லினக்ஸில் 2007-இல் ஒரு பொதுவான மென்பொருள் அடுக்கு சேர்க்கப்பட்டது. அதன்பின் ஒரு சிப்புக்கு ஒழுங்கான டிரைவர் எழுதினாலே கண்காணிப்பு நிலை ஏறக்குறைய தானாகக் கிடைக்கத் தொடங்கியது.

முதல் வகைச் சிப்புகளையும் சிலர் விட்டுவைக்கவில்லை. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிராட்காம் சிப்புகளின் நிலைபொருளைப் பிரித்துப் படித்து, அதில் ஒட்டுப்போடுவதற்கென்றே நெக்ஸ்மான் என்ற கருவித்தொகுப்பை உருவாக்கினார்கள். மூலநிரல் கையில் இல்லை. இயந்திர மொழியில் இருந்ததை வைத்து, எந்த இடத்தில் வடிகட்டல் நடக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் தங்கள் சொந்த வரிகளைப் புகுத்தினார்கள். நெக்சஸ் 5 கைபேசியிலும் ராஸ்பெரி பை 3 கணினியிலும் இருந்த சிப்புகள் அதுவரை மறுத்துவந்த கண்காணிப்பு நிலைக்கு வந்தன. வன்பொருளில் ஒரு கம்பியும் மாறவில்லை. அந்தத் திறன் உள்ளேயே இருந்தது, சொல்ல அனுமதி இல்லாமல்.

சரி, பொருந்தும் அட்டை எது என்று பெயரைப் பார்த்து வாங்கிவிடலாமா? அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். டிபி-லிங்கின் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற யூஎஸ்பி அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பதிப்பில் ஏதெரோஸ் ஏஆர்9271 சிப் இருந்தது. லினக்ஸ் ஸ்கேனர்களோடு மிக நன்றாக ஒத்துழைத்த சிப் அது. பின்னாளில் அதன் நிலைபொருளின் மூலநிரலே பொதுவில் வெளியிடப்பட்டது. இரண்டாம் பதிப்பிலிருந்து உள்ளே இருப்பது ரியல்டெக் ஆர்டிஎல்8188ஈயூஎஸ். அட்டையின் பெயர் அதே. ஒத்துழைப்போ வேறு, டிரைவரும் வேறு. பெட்டியின் மேல் இருக்கும் பெயர் விற்பனைக்கானது. சிப்பின் பெயர்தான் பொருந்துமா என்பதைத் தீர்மானிக்கிறது. அட்டையைச் செருகிவிட்டு லினக்ஸில் எல்எஸ்யூஎஸ்பி என்ற கட்டளையைக் கொடுத்தால், நடுவே முக்காற்புள்ளியோடு இரு பகுதிகளாக ஓர் அடையாள எண் வரும். முதல் பகுதி நிறுவனம், இரண்டாம் பகுதி பொருள். ஏதெரோஸ் அட்டையானால் இரண்டாம் பகுதி 9271 என்றே இருக்கும். விண்டோஸிலும் டிவைஸ் மேனேஜரில் இதே எண்ணைப் பார்க்கலாம். வாங்குமுன் விற்பவரிடம் பதிப்பு எண்ணைக் கேட்டுவிடுவது நல்லது.

சிக்னல் சதவீதத்துக்கு வருவோம். ரவுட்டர் அனுப்புவது சுமார் 100 மில்லிவாட் என்று வைத்துக்கொண்டால், இரண்டு சுவர் தாண்டி உங்கள் அட்டைக்கு வருவது அதில் நூறு கோடியில் ஒரு பங்காக இருக்கலாம். ஸ்கேனர்கள் அதை −70 டிபிஎம் என்று எழுதும். ஒரு 9 வாட் எல்இடி பல்பின் திறனை 9,000 கோடிப் பங்காகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு அது. அதற்குள்ளிருந்து ஒரு பெயரையும் முகவரியையும் கடிகாரத்தையும் பிழையில்லாமல் படித்தெடுப்பதை நினைத்தால், சிக்னல் அளவில் சிறு தவறு வருவதை மன்னித்துவிடலாம்.

ஆனால் தவறு சிறியதல்ல. இந்த வலிமையை எப்படி எண்ணாக்குவது என்று 1997-இல் வந்த 802.11 என்ற வைஃபைத் தரநிலை அலகு எதையும் சொல்லவில்லை. ஒரு பைட் இடம் கொடுத்து, அவரவர் விருப்பம் என்று விட்டுவிட்டது. சிஸ்கோ 0 முதல் 100 வரை எண்ணியது. ஏதெரோஸ் 60-இல் நிறுத்தியது. சிம்பல் நிறுவனத்துக்கு 31 போதுமாக இருந்தது. பின்னர் விண்டோஸ் தன் பங்குக்கு ஒரு கணக்கு வைத்தது: −100 டிபிஎம் என்றால் 0 சதவீதம், −50 என்றால் 100, நடுவே நேர்கோடு. நிறுவனத்தின் எண் டிரைவரில் மாறி, விண்டோஸில் மாறி, கடைசியில் ஸ்கேனரில் சதவீதமாக வருகிறது. எனவே இரண்டு அட்டைகளின் சதவீதங்களை ஒப்பிடுவதில் பயனில்லை. ஒரே அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக நடந்து, எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று பார்ப்பதே உருப்படியான அளவீடு.

தொடக்கத்தில் பார்த்த 13-ஆம் சானல் மர்மம் எளிது. அமெரிக்க விதிகளின் கீழ் விற்கும் சாதனங்கள் வழக்கமாக 11-ஆம் சானலோடு நிறுத்திக்கொள்ளும். அந்த நாட்டுக் குறி அட்டையின் நினைவகத்திலேயே எழுதப்பட்டிருந்தால், அந்த மடிக்கணினி சென்னைக்கு வந்தாலும் 12, 13 பக்கம் திரும்பிப் பார்க்காது. அதேபோல, சற்றுமுன் அணைத்த ரவுட்டர் இன்னும் பட்டியலில் இருந்தால் குழம்ப வேண்டாம். லினக்ஸ் தான் கேட்ட ஒவ்வொரு பெயரையும் 30 நொடி ஞாபகம் வைத்திருக்கும்.

மைக்ரோவேவ் அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸில் கக்கும் இரைச்சல் எந்த ஸ்கேனர் பட்டியலிலும் வராது, அது வைஃபை மொழி பேசாததால். அட்டைக்கு அது வெறும் தொந்தரவு. ஆனாலும் ஏதெரோஸின் சில சிப்புகள் இதையும் காட்டும்: 20 மெகாஹெர்ட்ஸ் அகலச் சானலை 56 துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று கணக்கிட்டுத் தரும். அந்த எண்களை வரைந்தால் அடுப்பு, புளூடூத், கம்பியில்லாக் கேமரா ஒவ்வொன்றும் தன் வடிவத்தில் தெரியும்.

கைபேசிகளில் அட்டைக்கு மேலே இயங்குதளமும் கட்டுப்பாடு போடுகிறது. 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல், திரையில் திறந்திருக்கும் செயலிகூட இரண்டு நிமிடத்துக்கு நான்கு முறைக்கு மேல் ஸ்கேன் கேட்க முடியாது. ஐஃபோனில் 2010-லேயே ஸ்கேனர் செயலிகளை ஆப்பிள் தன் கடையிலிருந்து நீக்கிவிட்டது. அருகில் உள்ள ரவுட்டர்களின் பட்டியலை வைத்தே நீங்கள் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதை நினைத்தால், ஆண்ட்ராய்டின் ஸ்கேனர்கள் இருப்பிட அனுமதி கேட்பதும் நியாயமாகவே படுகிறது.

புதிய சிக்கலும் புதிய சாமர்த்தியமும் 6 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இருக்கின்றன. 2020-இல் அமெரிக்கா இதைத் திறந்துவிட்டபோது ஒரே அடியில் 59 சானல்கள் கூடுதலாகக் கிடைத்தன. பழைய முறைப்படி ஒவ்வொன்றிலும் காத்திருந்தால் ஆறு நொடி வீணாகும். அதனால் அவற்றில் 15 சானல்களை மட்டும் தேடுவதற்கென்று தேர்ந்தெடுத்தார்கள். அதைவிட நல்ல யோசனை ஒன்றும் உண்டு. 6 கிகாஹெர்ட்ஸிலும் இயங்கும் ரவுட்டர், தன் 2.4 மற்றும் 5 கிகாஹெர்ட்ஸ் பீக்கனிலேயே ஒரு கூடுதல் வரியைச் சேர்த்துவிடும்: ‘என் இன்னொரு குரல் இந்தச் சானலில் இருக்கிறது’ என்று. புதிய அட்டை அந்த வரியைப் படித்துவிட்டு நேராக அங்கே போகிறது.

பழைய அட்டைக்கு 6 கிகாஹெர்ட்ஸ் கேட்கவே கேட்காது. ஆன்டெனாவும் மின்சுற்றும் அதற்கானவை அல்ல. ஆனால் அது 5 கிகாஹெர்ட்ஸில் வரும் பீக்கனை முழுதாகக் கேட்கிறது. அந்தக் கூடுதல் வரி தனக்குப் புரியாவிட்டாலும், விண்டோஸின் ஸ்கேன் வசதி பீக்கனின் மூல பைட்டுகளை அப்படியே மென்பொருளிடம் கொடுக்கிறது. அவற்றைப் பிரித்துப் படிக்கத் தெரிந்த ஸ்கேனர், அட்டையால் கேட்க முடியாத அந்த நெட்வொர்க்கையும் சானல் எண்ணோடு பட்டியலில் சேர்த்துவிடும். சிக்னல் வலிமை என்ற கட்டம் மட்டும் காலியாக இருக்கும்.